வீடியோ அழைப்பில் மருத்துவரிடம் காட்டினால் போதுமா? நாய், பூனை, மாடு வளர்ப்பவர்களுக்கு

கேட்கப்பட்டது இது: வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன, உறவினர் ஒருவர் கறவைமாடுகள் வைத்திருக்கிறார், கால்நடை மருத்துவமனையோ தொலைவில் இருக்கிறது. வீடியோ அழைப்பில் மருத்துவரிடம் காட்டினால் போதுமா? அதை எவ்வளவு நம்பலாம்? மருந்து எழுதித் தருவார்களா? நாம் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

கால்நடை மருத்துவராக நேரிலும் போனிலும் நிறையப் பேருக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில விஷயங்களுக்கு வீடியோ அழைப்பு தாராளமாகப் போதும். சிலவற்றுக்கு நேரில் பார்ப்பதைவிடவும் நல்லது. இன்னும் சிலவற்றில் அழைப்பில் செலவழிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் விலங்கின் உயிரைக் குறைக்கும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போனில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “டாக்டர், இது என்ன நோய்?” நான் அந்த நேரத்தில் யோசிப்பது வேறு. இந்த விலங்கு இப்போதே கிளம்ப வேண்டுமா, நாளைக் காலை வரை தாங்குமா, வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா? இந்த மூன்றில் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டால் அந்த அழைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. நோயின் பெயர் அப்புறம் வரட்டும். பெயரைச் சொல்ல அவசரப்படுகிற மருத்துவரைவிட, “மூச்சை ஒரு நிமிடம் எண்ணிச் சொல்லுங்கள், ஈறைக் காட்டுங்கள்” என்று கேட்கிற மருத்துவரை நம்புங்கள்.

மனிதர்களுக்கான தொலைமருத்துவத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மனிதர் “வலது பக்கம் கீழ்வயிறு வலிக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்வார். விலங்கு சொல்லாது. அதனால் எங்கள் வேலையில் பாதி விரல்களால்தான் நடக்கிறது. வயிற்றை அழுத்திப் பார்ப்பது, நெறிக்கட்டிகளைத் தடவிப் பார்ப்பது, ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தையும் நுரையீரலையும் கேட்பது, மாடென்றால் இடப்பக்க வயிற்றில் கையை வைத்து இரைப்பை அசைகிறதா என்று பார்ப்பது. திரையில் இவை எதுவும் கிடையாது. கண்ணும் காதும் மட்டும் மிஞ்சும், கூடவே நீங்கள் சொல்கிற விவரமும். அந்த நேரத்தில் உங்கள் கைதான் மருத்துவரின் கை.

முதலில் அழைப்புக்கே காத்திருக்கக் கூடாத நிலைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டுக்குப் போய் முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. வீட்டில் இருப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து, அதற்கு என்ன கொடுக்கலாம் என்று போனில் கேட்பார்கள். பல நேரம் அது மலச்சிக்கலே இல்லை, சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சின்னப் படிகங்களும் சளியும் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குலையும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும், முதல் நாளிலேயே நிலைமை மோசமாகலாம். குழாய் போட்டு அடைப்பை எடுப்பது தவிர வேறு வழியில்லை, அதை எந்தத் திரை வழியாகவும் செய்ய முடியாது. “கடைசியாக எப்போது சிறுநீர் கழித்ததைக் கண்ணால் பார்த்தீர்கள்?” என்று நான் கேட்டால், பெரும்பாலானவர்களுக்குச் சட்டென்று பதில் வராது. ஆண் பூனை வளர்ப்பவர்கள் இந்த ஒரு கேள்விக்கான பதிலைத் தினமும் தெரிந்து வைத்திருங்கள்.

பெரிய இன நாய், குறிப்பாக நெஞ்சு ஆழமாக இருக்கும் இனம், வாந்தி எடுக்க முயன்று முயன்று நுரை மட்டும் வருகிறது, வயிறு புடைத்திருக்கிறது, ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கணக்கு மணி நேரங்களில்தான். பிடித்த வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை, அல்லது ஒரே நாளில் மறுபடியும் வருகிறது என்றாலும் அப்படித்தான். மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு விடும் பூனையும் அதே வரிசையில்தான் வரும். இவற்றில் போன் எதற்கு என்றால், “கிளம்பிவிட்டோம், தயாராக இருங்கள்” என்று சொல்வதற்கு.

மாடுகளில் கன்று ஈன்ற முதல் மூன்று நாட்களுக்குள் வரும் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறது, உடம்பு உண்மையில் குளிர்ந்து போகும். காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும், மாடு எழ முடியாமல் கழுத்தை ஒரு பக்கமாக மடித்துப் படுத்திருக்கும். ரத்தத்தில் கால்சியம் சரிந்ததுதான் காரணம். படுத்துவிட்ட மாட்டுக்கு நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டும், அதுவும் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக. அதற்கு ஆள் நேரில் வந்தாக வேண்டும். ஆனால் அவர் வந்து சேரும் வரை போனில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்காமல் நெஞ்சின் மேல் நிமிர்ந்து உட்காரும்படி வைக்கோல் கட்டுகளை முட்டுக் கொடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். கால்சியம் ஏற்றிக் காப்பாற்றியிருக்க வேண்டிய மாடு, வாயில் ஊற்றிய கஷாயத்தால் மூச்சடைத்துச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் யாராவது ஒருவர் ஊற்றுவதற்கு முன் ஒரு அழைப்பு செய்திருந்தால் போதும்.

இதிலிருந்து இன்னொன்று. கையை நீட்டாதீர்கள் என்று தடுப்பதுதான் தொலைவிலிருந்து செய்யும் உதவிகளில் பெரியது என்று நான் நினைக்கிறேன். நாயோ மாடோ எச்சில் ஒழுக நிற்கிறது, விழுங்க முடியவில்லை, தாடை தொங்குகிறது, குரல் மாறியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு உடனே தோன்றுவது, தொண்டையில் எலும்போ வேறு ஏதாவதோ சிக்கியிருக்கிறது என்று. கையை விட்டு எடுக்கப் பார்ப்பார்கள். அது வெறிநோயாக இருந்தால் அந்தக் கைதான் எச்சிலில் நனையும். நான் அந்த வீடியோவைப் பார்த்தவுடன் கேட்பது மூன்று விஷயங்கள்: தடுப்பூசி போட்டதா, சமீபத்தில் வேறு நாய் கடித்ததா, யாருடைய தோலிலாவது எச்சில் பட்டதா? பட்டிருந்தால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மனிதர்களுக்கான மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் அறிகுறி தொடங்கிய பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, அதனால் இங்கே தயக்கத்துக்கு இடமே இல்லை.

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயும் அப்படி. நேற்று வரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்துக் கிடக்கிறது, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம். போட்டோ வந்தால் நான் சொல்வது: அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், நாய்களைக் கிட்டே விடாதீர்கள், உடனே அரசு கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள். உடலைத் திறந்து காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்துகளாக மாறிவிடும், வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் தாங்கும். போஸ்ட்மார்ட்டம் பண்ணலாமா என்ற கேள்விக்கு “வேண்டாம்” என்ற பதிலை ஒரு போட்டோவை வைத்தே சொல்லிவிட முடிகிறது. வழியில் போய்ச் சேர நேரமாகும் இடங்களில் இந்த ஒரு பதில் ஒரு ஊரையே காப்பாற்றும்.

சரி, எங்கே வீடியோ நேரில் பார்ப்பதைவிட மேல்?

பூனையிலிருந்து தொடங்கலாம். கூண்டில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் உட்கார வைத்துக் கொண்டுவந்த பூனையிடம் நான் பார்ப்பது பயத்தை. பயத்தில் அதன் ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், சர்க்கரை நோய் இல்லாத பூனைக்கும் சர்க்கரை உயர்வாகக் காட்டும். வலி இருந்தால் மறைத்துக்கொள்ளும். அதே பூனை வீட்டில் தன் இடத்தில் படுத்திருக்கும்போது எடுத்த வீடியோ உண்மையைச் சொல்கிறது. காது எப்படித் திரும்பியிருக்கிறது, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகியிருக்கிறதா, மீசை நேராக விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. இந்த ஐந்தையும் வைத்துப் பூனையின் வலியை மதிப்பிடும் ஒரு முக அளவுகோலை மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், கூட்டினால் 10. நான்கு வந்தாலே வலி மருந்து பற்றி யோசிக்க வேண்டும். திரையில் பார்த்தே இதைச் செய்யலாம் என்பதால் எனக்கு இது மிகவும் உதவுகிறது.

பிறகு, வந்துபோகிற பிரச்சினைகள். இருமல், வலிப்பு, திடீர் மயக்கம், நொண்டல் ஆகியவை மருத்துவமனைக்கு வந்ததும் காணாமல் போய்விடும். வீட்டில் எடுத்த முப்பது விநாடி வீடியோ ஒரு மணி நேர விளக்கத்தைவிட உதவும். நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு மூக்கால் வேகவேகமாக உள்ளே இழுத்து, பன்றி போலச் சத்தம் போடுகிறது என்று பதறிப் பேசுவார்கள். வீடியோவைப் பார்த்தால் பெரும்பாலும் அது தலைகீழ்த் தும்மல். மூக்கின் பின்பகுதியில் ஏற்படும் எரிச்சலால் வருவது, சில விநாடிகளில் தானாக நின்றுவிடும், நின்றதும் நாய் ஒன்றும் நடக்காதது போல வாலாட்டும். இதை நேரில் பார்க்க வேண்டும் என்று வரச் சொன்னால் என்னிடம் வந்து சேருவது ஆரோக்கியமான ஒரு நாய், நான் பார்க்கவும் ஒன்றுமிருக்காது.

நடத்தை சார்ந்த சிக்கல்களுக்கும் வீடியோதான் சரி. பூனை எங்கே சிறுநீர் கழிக்கிறது, மணல் தட்டு எந்த மூலையில் இருக்கிறது, நாய் எந்த ஜன்னலைப் பார்த்துக் குரைக்கிறது என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினால் பாதி விடை கிடைத்துவிடும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தையல் எப்படி ஆறுகிறது என்பதைத் தினம் ஒரு போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உள்ள நாய், பூனைகளுக்கு மனிதர்களுக்கான தோல் சென்சாரையே ஒட்டிவிட்டு, சில நாட்களின் சர்க்கரை அளவைத் தூரத்திலிருந்து படித்து இன்சுலின் அளவைச் சரிசெய்வது இப்போது வழக்கமாகி வருகிறது. நீண்டகால நோயைத் தொடர்ந்து கவனிப்பதில் தொலைமருத்துவம் இதுவரை செய்ததில் இதுதான் நல்லது என்பேன்.

விஷம், தவறான மருந்து ஆகியவற்றுக்கு அழைப்பு மிக வேகமான உதவி. காலி அட்டையை அல்லது டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எத்தனை மாத்திரை காணவில்லை, எப்போது தின்றது, விலங்கின் எடை என்ன என்று சொல்லுங்கள். பாரசிட்டமால் நாம் சாதாரணமாகப் போடுவது, ஆனால் அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம். வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனைக்கு ஆகாது, நடுக்கமும் வலிப்பும் வரும். லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடக்கூடும். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுப்பது தனியாக ஒரு ஆபத்து.

இனி, அழைப்புக்கு முன் செய்ய வேண்டியவை. இவை சின்ன வேலைகள்தான், ஆனால் செய்துவிட்டுப் பேசுகிறவருக்கும் செய்யாமல் பேசுகிறவருக்கும் கிடைக்கிற பதிலின் தரம் வேறு.

மூச்சு எண்ணுங்கள். விலங்கு நன்றாகத் தூங்கும்போது, விலா ஏறி இறங்குவது ஒன்று. ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் தூக்கத்தில் 30-க்குள் இருக்க வேண்டும். இதய நோய் உள்ள நாய்க்கு இந்த எண் நாளுக்கு நாள் ஏறினால், இருமல் வருவதற்கு முன்பே நுரையீரலில் நீர் சேருவதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பைசா கருவியும் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடிய பரிசோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து இல்லை.

உடல் வெப்பத்தை ஆசனவாய் வழியாக டிஜிட்டல் தெர்மாமீட்டரில் எடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், மாட்டுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. மூக்கு காய்ந்திருக்கிறது, காது சுடுகிறது என்பதை வைத்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. கடிக்கிற விலங்கு என்றால் விட்டுவிடுங்கள், அந்த எண் இல்லாமலும் பேசலாம்.

ஈறின் நிறம் முக்கியம், ஆனால் கேமரா அதில்தான் அதிகம் ஏமாற்றும். மஞ்சள் விளக்கில் எல்லா ஈறும் மஞ்சள் காமாலை போலத் தெரியும். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து எடுங்கள். அப்புறம் ஈறை விரலால் அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். கட்டி, புண் என்றால் பக்கத்தில் ஒரு அளவுகோலோ நாணயமோ இருக்கட்டும், அடுத்த வாரம் வளர்ந்ததா என்று ஒப்பிட அதுதான் உதவும். நொண்டலுக்கு, வழுக்காத தரையில் கயிற்றைத் தளர விட்டு நடக்க வைத்து, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுங்கள். போனை விலங்கின் முதுகு உயரத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். முன்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே தூக்கும். நம் உயரத்தில் நின்று எடுத்த வீடியோவில் அது தெரியவே தெரியாது.

இணைப்பு விட்டு விட்டு வரும் இடத்தில் நேரடி அழைப்பைவிட, முன்பே எடுத்து அனுப்பிய வீடியோ சிறந்தது. செயலிகள் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது. எக்ஸ்ரேயைத் திரையிலிருந்து போனில் போட்டோ எடுத்து அனுப்புவதை மட்டும் தவிர்த்து, மருத்துவமனையிலிருந்து மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். மருத்துவர்கள் தங்களுக்குள் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் படங்களை நிபுணர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது வீடியோ அழைப்புகள் பரவுவதற்கு வெகு முன்பே நடந்து வருகிற வேலை. கிளியோ ஆமையோ வளர்ப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் அப்படி ஒரு நிபுணரைக் கேட்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த உயிர்களைத் தெரிந்தவர்கள் எங்கேயும் குறைவு.

பண்ணை வைத்திருக்கும் உறவினருக்குத் தனியாக ஒன்று. கழுத்துப் பட்டையிலோ காதிலோ பொருத்தும் சென்சார்கள் மாடு எவ்வளவு நேரம் அசைபோடுகிறது, எவ்வளவு நடக்கிறது என்று கணக்கெடுக்கின்றன. விழுங்க வைத்து இரைப்பையிலேயே தங்கிவிடும் சென்சார் உள்வெப்பத்தைச் சொல்கிறது. நல்ல கறவைமாடு நாளில் 7 முதல் 9 மணி நேரம் அசைபோடும். கண்ணுக்கு நோய் தெரிவதற்கு முன்பே இந்த நேரம் குறையத் தொடங்கும். நடை திடீரென்று கூடினால் சினைப்பருவமாக, அதாவது காளைக்குத் தயாரான நேரமாக இருக்கலாம். ஆனால் பொதுவான சராசரியை வைத்துப் பயப்படாமல், அந்த மாட்டின் போன வாரக் கணக்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சென்சார் இல்லாவிட்டாலும் பால் அளவு, தீவனம், சாணத்தின் தன்மை, கன்று ஈன்ற தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போனில் பேசும் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

மருந்து எழுதித் தருவார்களா என்ற கேள்விக்கு, நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த விலங்கை அறிந்து, அதற்குப் பொறுப்பேற்ற மருத்துவர்தான் மருந்து எழுதலாம். அந்த அறிமுகம் நேரில்தான் ஏற்பட வேண்டுமா, திரையிலும் ஏற்படலாமா என்பதில்தான் விவாதம். அமெரிக்காவில் கொரோனா பரவிய 2020 மார்ச்சில், நேரடிப் பரிசோதனை வேண்டும் என்ற தன் நிபந்தனைகள் சிலவற்றை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தற்காலிகமாகத் தளர்த்தியது, 2023 பிப்ரவரியில் அந்தத் தளர்வை விலக்கிக்கொண்டது. கலிஃபோர்னியா 2024 முதல் நேரலை வீடியோ வழியாகவும் அந்த அறிமுகத்தை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் ஆன்டிபயாட்டிக் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளுக்குக் கால வரம்பு வைத்திருக்கிறது. பிரிட்டனில் 2023 செப்டம்பரில் வந்த விதிகளும் ஆன்டிபயாட்டிக், கட்டுப்பாட்டு மருந்துகள் விஷயத்தில் நேரடிப் பரிசோதனையைத்தான் எதிர்பார்க்கின்றன. இந்தக் கண்டிப்பை நான் ஆதரிக்கிறேன். எந்தக் கிருமி என்று தெரியாமல் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக், கிருமிகளை அந்த மருந்துக்குப் பழக்கிவிடுகிறது. கறவைமாட்டுக்குக் கொடுத்தால் அந்தப் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்ற கணக்கும் உண்டு, அது பால் குடிக்கிற குழந்தைகள் வரை போகிற விஷயம். ஆகவே “முதலில் ஒருமுறை நேரில் கொண்டுவாருங்கள்” என்று மருத்துவர் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். நான் எல்லோரிடமும் சொல்வது, விலங்கு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள் என்றுதான். எடை, இதயச் சத்தம், பல், தடுப்பூசி எல்லாம் பதிவாகிவிடும். பிறகு நடுராத்திரியில் நீங்கள் அழைக்கும்போது திரையில் இருப்பது அவருக்குத் தெரிந்த விலங்கு.

கடைசியாக, “உடனே கொண்டுவாருங்கள்” என்று சொல்லிவிட்டால். போகிற மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், அவர்கள் ஆக்சிஜனையோ அறுவை அறையையோ தயார் செய்துகொள்வார்கள். எடுத்த வீடியோக்கள், எண்ணிய எண்கள், மாத்திரை அட்டை, முடிந்தால் வாந்தி அல்லது மலத்தின் மாதிரி எல்லாம் கையோடு வரட்டும். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் வழியில் தீனி எதுவும் வேண்டாம். பூனையைக் கூண்டில் வைத்து ஒரு துணியால் மூடிவிடுங்கள், வலியில் இருக்கும் நாயின் முகத்தருகே உங்கள் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஓட்டுகிறவர் ஓட்டட்டும், போனைப் பக்கத்தில் இருப்பவர் வைத்திருக்கட்டும், வழியில் மூச்சு மாறினால் திரும்ப அழைக்க.